கோயில் புதுப்பிப்பும் பங்கு வாழ்வும்: கடலூர்–புதுவைப் பங்குப் பேரவைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பங்கு என்பது ஒரு கிறிஸ்தவக் கோயிலைச் சேர்ந்த மக்கள்; பங்குப் பேரவை அவர்களுடைய பிரதிநிதிகள் சபை. அதன் கூட்டத்தில் "சாமி, கோயிலைக் கொஞ்சம் எடுத்துச் செய்யலாமா?" என்று ஒருவர் வாய் திறந்தால் போதும். அடுத்த இரண்டு வருடத்துக்கு வேறு பேச்சே இருக்காது. மறைக்கல்வி, அன்பியம் (அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழு), நோயாளிகளைச் சந்திப்பது எல்லாம் பின்னால் போய், சிமென்ட் விலை முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்தக் கடலோரத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. புது முகப்பு, கிரானைட் பீடம், வாசலில் ஆர்ச் என்று பணம் போகும். மேல்தளத்தில் தண்ணீர் தேங்கும் மூலை மட்டும் அப்படியே இருக்கும். அதனால் இதைப் படிக்கும் பேரவைக்காரர்கள் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்: முதலில் தண்ணீர், அப்புறம்தான் அழகு.

1. யாருக்கு என்ன அதிகாரம் என்பதைத் தெளிவாக்குங்கள்

பாதிச் சண்டை இங்கேதான் தொடங்குகிறது. கத்தோலிக்கப் பங்குகளில் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமைதான் உண்டு. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 536-ஆம் எண் இதை நேராகவே சொல்கிறது. நிதிக்குழு வேறு. அது ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது 537 (இனி வரும் இத்தகைய எண்கள் எல்லாம் இதே தொகுப்பின் எண்கள்). பங்கின் சார்பாகக் கையெழுத்துப் போடுபவர் பங்குத்தந்தை (532). வழக்கமான செலவைத் தாண்டிய வேலை எதுவானாலும் ஆயரிடமிருந்து எழுத்து மூலம் முன்அனுமதி வேண்டும் (1281). 'வழக்கமானது' எந்தத் தொகை வரைக்கும் என்பது மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் மாறும். நம் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தில் இப்போது என்ன வரம்பு என்பதைப் பேராயர் இல்லத்தில் கேட்டு, அதைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

ஆலோசனைதானே என்று பேரவை சும்மா இருந்துவிட முடியாது. பங்குத்தந்தை சில வருடங்களில் மாறிப் போவார். விரிசலோடும் கடனோடும் அங்கேயே இருக்கப்போவது பங்கு மக்கள்தான். ஆகவே ஆலோசனையை வாய்ப்பேச்சாக விடாமல், யார் என்ன சொன்னார், எதற்கு மாற்றுக் கருத்து வந்தது என்பதையும் சேர்த்துக் குறிப்பேட்டில் ஏற்றுங்கள்.

சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளிலும், கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையிலும் அமைப்பு வேறு. அங்கே தேர்தலில் வரும் கமிட்டிக்குக் கூடுதல் அதிகாரம் உண்டு. ஆனாலும் சொத்து பெரும்பாலும் உள்ளூர்ச் சபையின் பெயரில் இருக்காது. சிஎஸ்ஐ என்றால் சிஎஸ்ஐ டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும். மேலிடத்துக் கடிதம் இல்லாமல் அவர்களும் கடப்பாரையைத் தொட முடியாது. இனி வரும் படிகளில் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டால் அவர்களுக்கும் பொருந்தும்.

2. கட்டடக் குழுவைத் தனியாக அமையுங்கள்

பேரவையே கட்டடக் குழுவாக மாறிவிடக் கூடாது. ஐந்தாறு பேர் போதும். ஒருவருக்குக் கட்டட வேலை தெரிந்திருக்க வேண்டும், ஒருவருக்குக் கணக்கு. தினமும் காலைத் திருப்பலிக்கு வரும் பெண் ஒருவரைக் கட்டாயம் சேருங்கள். எந்த ஜன்னல் வழியாகச் சாரல் அடிக்கும், எந்தப் படியில் பாட்டிமார்கள் தடுமாறுவார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். பேரவை உறுப்பினரோ அவருடைய மைத்துனரோ கான்ட்ராக்ட் எடுக்கக் கூடாது. மேஸ்திரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, இதில் தளர்வு வேண்டாம்.

இன்னொன்றையும் பூசி மெழுகாமல் சொல்லிவிட வேண்டும். கிளைக் கிராமங்களும் காலனித் தெருக் குடும்பங்களும் நன்கொடை ரசீதில் மட்டும் இருந்து, குழுவில் இல்லாமல் போவது இங்கே புதிதல்ல. 18-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரிக் கோயிலுக்குள் சாதி பிரித்து நின்ற சுவரையும், அதை இடித்தபோது எழுந்த கலவரத்தையும் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். சுவர் போய்விட்டது. இன்று கேட்க வேண்டியது, குழுவின் நாற்காலிகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை.

3. எஸ்டிமேட் வாங்கும் முன் மாடி ஏறுங்கள்

நல்ல மழை பெய்த மறுநாள் காலை, குழு முழுவதும் மேலே போக வேண்டும். சாக்பீஸ் ஒன்று, சின்னச் சுத்தி ஒன்று, ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, போன் கேமரா. இவ்வளவுதான் கருவி.

தண்ணீர் தேங்கிய இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். தளத்தின் வாட்டம் குழாயை நோக்கி இருக்கிறதா, குழாய் வாயில் இலையும் புறா எச்சமும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரலை ஓட்டினால் விரிசல் தட்டுப்படும். பெரும்பாலான ஒழுக்கு அங்கேதான் பிறக்கிறது. அரச மரக்கன்று ஏதாவது முளைத்திருந்தால் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். வேர் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு கீழே. சுத்தியால் சுவரை மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான பூச்சு 'டக்' என்று ஒலிக்கும், உள்ளே பெயர்ந்திருந்தால் பானையைத் தட்டியது போல் 'பொத்' என்று கேட்கும். அந்த இடங்களையும் வட்டமிடுங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் அது ஓதம். மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். அதன்மேல் எத்தனை பெயின்ட் அடித்தாலும் நிற்காது.

கட்டடம் பழையதா புதியதா என்பதைப் பொறுத்து வைத்தியம் முற்றிலும் மாறுகிறது. புதுவையின் பழைய கோயில்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுந்தவை. மிஷன் வீதியில் இருக்கும் சம்பா கோயில், இப்போதைய உருவில், 1791-ஐச் சேர்ந்தது. டூமாஸ் வீதியின் சம்மனசுகளின் இராக்கினி கோயில் 1855. அதன் பூச்சில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்தது என்பார்கள். இப்படிப்பட்ட சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் வழி அடைபடும். ஈரம் இன்னும் மேலே ஏறும், உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிந்து அதைப் பொடியாக்கும், சில வருடத்தில் பூச்சு பாளம் பாளமாக விழும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான், வெளியே சுண்ணாம்பு அடிப்பதுதான். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் காரை குழைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். புதுவையில் பழைய வீடுகளைப் பாதுகாத்துவரும் இன்டாக் கிளையைக் கேட்டால் வழி காட்டுவார்கள்.

மெட்ராஸ் டெரஸ் (மரச்சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிக் காரை போட்ட பழைய தளம்) கூரையாக இருந்தால் பார்க்க வேண்டியது மரத்தைத்தான், அதுவும் நடுவில் அல்ல, சுவருக்குள் புகும் நுனியில். வெளியே பளபளவென்று இருக்கும் தேக்குச் சட்டம், சுவருக்குள் இருக்கும் ஓரடியில் மக்கிப் போயிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். இறங்கினால் அன்றே அந்தப் பகுதிக்குக் கீழே யாரும் உட்காராமல் கயிறு கட்டிவிட்டு, ஸ்ட்ரக்சரல் இன்ஜினீயரை அழையுங்கள்.

கான்கிரீட் கோயில்களுக்கு எதிரி உப்புக் காற்று. கம்பி துருப்பிடித்தால் பருக்கும்; பருத்த கம்பி கான்கிரீட்டைத் தள்ளும். சீலிங்கில் நீளவாக்கில் விரிசலும் துருக்கறையும் தெரிந்தால், அதன்மேல் சிமென்ட் பூசி மறைப்பதைப் போன்ற தப்பு வேறில்லை. கம்பியைத் திறந்து, துருவைச் சுரண்டி, எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பார்த்த பிறகே இன்ஜினீயர் தீர்ப்புச் சொல்ல முடியும்.

மின்சாரத்தையும் இதே நாளில் முடித்துவிடுங்கள். மின்விசிறி, ஏசி, ஸ்பீக்கர் என்று ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒன்று கூடியிருக்கும்; ஒயர் மட்டும் பழையது. எர்த்திங், இடிதாங்கி, மெயின் பாக்ஸ் மூன்றையும் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் பார்க்கட்டும்.

4. பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்

தலையில் விழக்கூடியது, இந்த மழைக்குள் முடிக்க வேண்டியது, ஆசைப்பட்டது. பேரவை முன் இந்த வரிசையில் வையுங்கள். முதல் இரண்டும் முடியாமல் மூன்றாவதைத் தொடக் கூடாது என்று தீர்மானம் போட்டு விடுங்கள். ஆர்ச் கட்ட உபயதாரர் கிடைப்பார். மழைநீர்க் குழாய்க்குக் கிடைக்க மாட்டார். பொதுப்பணம் அதற்குத்தான் இருக்கிறது. சக்கர நாற்காலிக்கான சாய்தளம், பெண்களுக்கான கழிப்பறை இரண்டும் ஆசைப் பட்டியலில் வராது என்பது என் கருத்து.

5. காகித வேலை

நம்முடையது ஒரே உயர்மறைமாவட்டம், ஆனால் இரண்டு அரசுகள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் செல்லுபடியாகும் நடைமுறை புதுச்சேரியில் செல்லாது. புதுவையில் நகர அமைப்புக் குழுமத்திடம் போக வேண்டும். பழைய பிரெஞ்சுப் பகுதியிலோ பாரம்பரியப் பட்டியலிலோ இருக்கும் கட்டடம் என்றால் பாரம்பரியப் பாதுகாப்புக்கான குழுவின் பார்வைக்கும் போகும்; முகப்பில் கை வைக்கும் முன் இதை முடித்துவிடுங்கள். கடலூரில் மாநகராட்சி அல்லது ஊராட்சி. புதிதாக வழிபாட்டுத் தலம் எழுப்புவதென்றால் மாவட்ட ஆட்சியரின் முன்அனுமதியும் சேரும். பழுதுபார்ப்பா, விரிவாக்கமா, புதுக் கட்டடமா என்பதை விண்ணப்பத்தில் சரியாக எழுதுவது முக்கியம். ஒன்றைச் சொல்லி இன்னொன்றைச் செய்தால் பாதியில் வேலை நிற்கும். கடலிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

திருச்சபைப் பக்கம்: புதுக் கோயிலுக்கு ஆயரின் எழுத்து ஒப்புதல் (1215). பழமையாலோ கலையாலோ பக்தியாலோ மதிப்புள்ள சுரூபத்தை (சிலையை)ப் புதுப்பிப்பதற்கும் எழுத்து அனுமதி தேவை (1189). நூறு வருட மாதா சுரூபத்தை யாரோ ஒருவர் எனாமல் பெயின்ட் அடித்துப் பளிச்சென்று ஆக்கிவிடும் கொடுமையைத் தடுக்கப் பேரவையின் கையில் இருக்கும் சட்டம் இதுதான்.

6. பணம்

தமிழ்நாட்டுப் பகுதியில் இருப்பவர்கள் முதலில் அரசின் தேவாலயப் புனரமைப்பு நிதியுதவியைப் பாருங்கள். சொந்தக் கட்டடமாக இருக்க வேண்டும், கட்டி 10 ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும், பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், வெளிநாட்டு நிதி பெற்றிருக்கக் கூடாது. கட்டடத்தின் வயதைப் பொறுத்துத் தொகை கூடும். விண்ணப்பம் ஆட்சியர் அலுவலகத்தில், சிறுபான்மையினர் நலப் பிரிவில். புதுச்சேரிப் பங்குகளுக்கு இந்தத் திட்டம் கிடையாது.

அந்த 'வெளிநாட்டு நிதி'யில்தான் நம்மூர்ப் பங்குகள் தெரியாமல் மாட்டிக்கொள்ளும். புதுவையில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் ஏராளம். பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா, கோயில் வேலைக்கென்று ரூபாய் நோட்டாகவே கொடுத்தாலும், அவர் பிரெஞ்சுக் குடிமகன் என்றால் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கானது) இருப்பதால் மாறாது. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு உள்ள அமைப்பின் வழியாக, டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கின் மூலமே அது வர வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை செய்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது அப்படியல்ல. ஆகவே பெரிய தொகை தருபவரிடம் கூச்சப்படாமல் எந்தப் பாஸ்போர்ட் என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் பேராயர் இல்ல நிதி அலுவலகத்தைக் கேட்டுவிட்டு ரசீது போடுங்கள்.

உள்ளூர் வசூலில் 'குடும்பத்துக்கு இவ்வளவு' என்று ஒரே தொகை போடுவது எளிது, ஆனால் நியாயமில்லை. கட்டுமரத்தில் போகிறவருக்கும் அரசு ஊழியருக்கும் ஒரே தொகையா? மாதம் முடிந்ததைத் தரும் உறுதிச்சீட்டு முறையை அன்பியம் அன்பியமாக நடத்தினால் வசூலும் நிற்காமல் வரும், யாருக்கும் தலைகுனிவும் இருக்காது. வரி பாக்கி என்று சொல்லித் திருமுழுக்கையோ திருமணத்தையோ அடக்கத்தையோ தள்ளிப்போடும் பழக்கம் எங்கேயாவது மிச்சமிருந்தால் பேரவை அதை அடியோடு நிறுத்த வேண்டும். ஏழை என்பதால் ஒருவருக்கு அருளடையாளம் மறுக்கப்படக் கூடாது என்கிறது 848. அடக்கச் சடங்கும் அப்படியே என்கிறது 1181.

ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று தந்த காணிக்கையை அதற்கு மட்டுமே செலவழிக்கலாம் (1267). தேருக்கென்று வந்த பணத்தில் கூரை போட்டால், நல்ல காரியமே ஆனாலும், தவறுதான். ரசீதிலேயே நோக்கத்தை எழுதுங்கள். உபயதாரர் பெயர்களுக்கு முற்றத்தில் ஒரே ஒரு கல்வெட்டு போதும். டியூப் லைட்டிலும் மின்விசிறி இறக்கையிலும் 'உபயம்' எழுதிச் சுற்றவிட்டால் பிரசங்கத்தை யார் கேட்பார்கள்?

7. ஒப்பந்தமும் காலண்டரும்

மூன்று பேரிடமாவது ஒரே அளவு விவரத்தைக் கொடுத்து, மூடிய உறையில் விலை வாங்குங்கள். 'மொத்தமாகப் பேசிக்கலாம்' என்பவரை அன்போடு அனுப்பிவிடுங்கள். எந்தச் சிமென்ட், எத்தனை எம்எம் கம்பி, ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா, சாரம் யார் செலவு, கூலியாட்களுக்கு விபத்துக் காப்பீடு உண்டா, எல்லாம் எழுத்தில் வேண்டும். பணத்தை வேலை முடிந்த அளவுக்குத் தவணையாகக் கொடுங்கள். 20 லட்ச ரூபாய் வேலை என்றால் 5 சதவீதம், அதாவது ஒரு லட்சத்தைக் கையில் நிறுத்தி, ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை முழுசாக நனைத்துவிட்டுப் போன பிறகே விடுவிப்பது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தர வேண்டாம். டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டுமா என்று ஆடிட்டரைக் கேளுங்கள்.

"கிறிஸ்துமசுக்குள்ள முடிச்சிடலாம்" என்ற வார்த்தையைத்தான் நான் ரொம்பப் பயப்படுவேன். தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது 2011 டிசம்பர் 30. நிவர் 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30. அப்போது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.-க்கு மேல் கொட்டியது. திருவருகைக் காலம் (கிறிஸ்துமசுக்கு முந்தைய வாரங்கள்) நமக்குப் புயல் காலமும்கூட. கூரையைத் திறக்கும் வேலை பொங்கலுக்குப் பிறகு தொடங்கி, செப்டம்பர் கடைசிக்குள் மூடப்பட வேண்டும். முடியாது என்று தெரிந்தால் அந்த வருடம் திறக்காதீர்கள், அடுத்த தை வரட்டும். வேலை நடக்கும்போதே புயல் எச்சரிக்கை வந்தால் சாரத்தை யார் பிரிப்பது, ஷீட்டை யார் கட்டுவது என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள்.

8. சாரம் நிற்கும்போது பங்கு நடக்க வேண்டும்

திருப்பலி எங்கே, நற்கருணைப் பேழை எங்கே, பாவசங்கீர்த்தனம் எங்கே என்பதைச் சுவரைத் தொடும் முன்பே முடிவு செய்யுங்கள். பள்ளி மண்டபம் சரி. ஆனால் பொதுத்தேர்வு நாட்களில் அது கிடைக்காது. அந்த வருடக் கல்யாணத் தேதிகளைக் கேட்டு ஒரு தாளில் எழுதி மேஸ்திரி கையில் கொடுங்கள். சாவுக்குத் தேதி கிடையாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்கு பேர் உள்ளே வரும் அளவுக்கு ஒரு வழியை எந்நாளும் மணல், ஜல்லி இல்லாமல் வைத்திருங்கள். கொடியேற்றத்தையும் சின்ன அளவிலாவது நடத்துங்கள். தேர் போகும் பாதையில் செங்கலை இறக்கவிட்டுவிட்டு அப்புறம் தலையில் கை வைக்க வேண்டாம்.

பேரவைக் கூட்டத்தில் கட்டடத்தைக் கடைசிப் பொருளாக, அரை மணி நேரத்துக்கு மட்டும் வையுங்கள். முதலில் அன்பியங்கள், மறைக்கல்வி ஆசிரியர் பற்றாக்குறை, வின்சென்ட் தே பவுல் சபை உதவும் குடும்பங்கள். அந்தச் சபையின் மாத உதவி கட்டட வேலையால் ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது என்று தீர்மானத்தில் எழுதுங்கள். கட்டட வருடங்களில் முதலில் சுருங்குவது அந்தப் பெட்டிதான். இளைஞர்களைச் செங்கல் தூக்க மட்டும் கூப்பிடாதீர்கள். வேலையைப் படமெடுத்து, தேதி போட்டு வைக்கும் பொறுப்பை அவர்களிடம் கொடுத்தால் பின்னால் ஆயிரம் தகராறு தீரும்.

9. கணக்கும் கோப்பும்

மக்கள் தந்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது 1287. மாதம் ஒரு ஞாயிறு, அறிவிப்பு நேரத்தில் மூன்று வரி போதும்: இந்த மாதம் வந்தது, போனது, பாக்கி. விவரம் முகப்பில் பலகையில் இருக்கட்டும். உண்டியலைத் திறக்கும்போது இருவராவது இருந்து, எண்ணி, அங்கேயே கையெழுத்துப் போட வேண்டும்.

வேலை முடிந்ததும் ஒரு தடிமனான கோப்பு. பேராயர் இல்லக் கடிதம், அரசு அனுமதிகள், வரைபடம், எந்தச் சுவருக்குள் எந்த ஒயர் போகிறது என்று காட்டும் படங்கள், உத்தரவாத அட்டைகள், காப்பீட்டுத் தாள், பாக்கித் தொகை எப்போது யாருக்கு என்ற குறிப்பு. ஒரு நகல் பங்கு அலுவலகத்தில், ஒன்று பேராயர் இல்லத்தில். அதோடு ஒரு பராமரிப்பு நோட்டு: ஒவ்வொரு செப்டம்பரும் குழாய் வாய் சுத்தம், கைப்பிடிச் சுவர் மூலைகள், மரச்சட்ட நுனிகள், கரையான் சோதனை. யார் பார்த்தார், என்றைக்கு, என்ன இருந்தது என்று பேரோடு எழுத வேண்டும். புதுப் பேரவை பொறுப்பேற்கும் நாளில் சாவிக்கொத்தோடு இந்த நோட்டையும் கைமாற்றி, வாங்கியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.